கொடுவாக் கம்புக்கு ஒன்பது வளையம்

1916-ஆம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றங்கரைப் பட்டறையின் லயத்து வரிசைவீட்டில் குடியிருந்த ஹெப்சிபா, இஞ்சினியர் துரையின் பங்களாவுக்கு நான்காவது தடவையாகப் போனாள். முதல் மூன்று தடவையும் பட்லர் அவளைப் படிக்கட்டிலேயே நிறுத்தி, "தொரைக்கு வேலை இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிட்டான். இந்தத் தடவை அவள் வெறுங்கையோடு போகவில்லை. பழைய சேலைத்துணியில் சுற்றிய நீளமான ஒரு பொருளைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனாள்.

அவள் புருஷன் சாலமோன் அணைக்கட்டுப் பட்டறையில் தச்சன். மதகுக் கதவுகளுக்குப் பலகை இழைப்பதும் படகுகளுக்கு ஒட்டுப்போடுவதும் அவன் வேலை. மார்ஸ்டன் துரை அங்கே இஞ்சினியராக வந்த பிறகு, துரையின் தூண்டில் கம்புகளைச் செப்பனிடுவதும் அவன் தலையில் விழுந்தது. 1915 ஆடியில் பட்டாளத்துக்குத் தச்சர்கள் வேண்டும் என்று ஆள் எடுத்தார்கள். துப்பாக்கி தூக்க வேண்டாம், படகு கட்டினால் போதும் என்றார்கள். துரை தன் கையாலேயே சிபாரிசுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சாலமோன் கப்பலேறினான்.

துருக்கியரோடு யுத்தம் நடந்த பக்கம், பஸ்ராவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அமாராவிலிருந்து இன்னொன்று. "இங்கேயும் ஆறுதான். நம்ம ஆற்றைப்போல் நாலு மடங்கு. ஆனால் கரையில் ஒரு மரம் கிடையாது" என்று அதில் எழுதியிருந்தான். மூன்றாவது கடிதத்தில் இரண்டே வரி. "மேலே போகிறோம். குத் என்ற ஊருக்கு." அது கார்த்திகையில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம் சித்திரை கழிந்ததும், சபையின் உபதேசியார் வீட்டுக்கு வரும் செய்தித்தாளில், அந்த ஊர் துருக்கியர் கையில் விழுந்தது என்றும் உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் கைதிகள் என்றும் போட்டிருந்தது.

ஹெப்சிபாவுக்குத் தாய் தகப்பன் இல்லை. நாசரேத்தில் மிஷன் விடுதியில் வளர்ந்தவள். அங்கேதான் லேஸ் பின்னக் கற்றாள். பத்தொன்பது வயதில் சாலமோனுக்கு வாழ்க்கைப்பட்டாள். பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இப்போது முப்பத்திரண்டு வயது. உலகத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே ஆள் எங்கே இருக்கிறான், இருக்கிறானா என்று தெரியாமல் ஒரு வருஷத்தைத் தள்ளியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் உபதேசியார் இரண்டு பட்டியல் படிப்பார். பிரயாணத்தில் இருப்பவர்களுக்காக ஒன்று, துக்கத்தில் இருப்பவர்களுக்காக ஒன்று. முதல் பட்டியலில் சாலமோன் பெயர் வருகிறதா, இரண்டாவதில் தன் பெயர் வருகிறதா என்று ஒவ்வொரு வாரமும் ஹெப்சிபா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சாலமோனின் அக்காள் கிரேஸ் மிஷன் பள்ளியில் வாத்தியாரம்மா. தம்பிக்கு நினைவு ஆராதனை வைத்துவிட வேண்டும் என்பது அவள் எண்ணம்.

"எத்தன நாளைக்கு இப்படி இருப்ப, ஹெப்சி?" என்றாள் ஒருநாள். "பட்டியல்ல பேர மாத்தச் சொல்லிப் போதகர்கிட்ட நானே பேசுதேன். உனக்கும் ஒரு ஆறுதல் வேண்டாமா?"

"செத்த சேதி வந்துட்டா மதினி?"

"உயிரோட இருந்தா எழுதாம இருப்பானா?"

அந்தக் கேள்விதான் ஹெப்சிபாவுக்குச் சோறு இறங்கவிடவில்லை. பட்டாளத்து ஆபீசுக்கு உபதேசியாரை வைத்து இரண்டு விண்ணப்பம் எழுதிப் போட்டாள். கிணற்றில் போட்ட கல்லாக இருந்தது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் எழுதினால்தான் பதில் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுக்குத் தெரிந்த வெள்ளைக்கார அதிகாரி மார்ஸ்டன் துரை ஒருவர்தான்.

அன்று துரை வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். ஹெப்சிபா எதுவும் பேசாமல் துணியைப் பிரித்தாள். உள்ளே இருந்தது ஒரு தூண்டில் கம்பு. மலைமூங்கிலை ஆறு சிம்பாகப் பிளந்து, இழைத்து, ஒட்டி, ஒரே உடம்பாக ஆக்கியது. இரண்டு துண்டு, இணைக்கும் இடத்தில் பித்தளைப் பூண். துரை அதைக் கையில் வாங்கி இரண்டு துண்டையும் பொருத்தி, காற்றில் ஒரு வீச்சு வீசிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இது சாலமோன் செய்தது."

"ஆமா தொரை. உங்களுக்குன்னுதான் செஞ்சாக. வளையம் மட்டும் கட்டல."

"கயிறு ஓடும் வளையங்கள் சீமையிலிருந்து வர வேண்டியவை. அந்தக் கப்பல் மூழ்கிப்போயிற்று. இனி யுத்தம் முடியும்வரை வராது."

"நான் கட்டித் தாரேன்."

துரை சிரித்தார். "நீயா?"

"கம்பு அவுக வேலை. அதுல நான் கை வைக்கல. வளையத்துல ஓடுதது நூலு. நூலு என் கைக்குத் தெரியும், தொரை."

தை கடைசியில் துரைக்குக் கோதாவரிப் பக்கம் மாற்றல் என்று லயம் முழுக்கப் பேச்சு. போவதற்குள் அணைக்கட்டுக்குக் கீழே உள்ள ஆழமான கசத்தில் ஒரு கொடுவாவைப் பிடித்துவிட வேண்டும் என்று அவர் துடித்துக்கொண்டிருப்பதும் எல்லோருக்கும் தெரியும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் கொடுவா கடலிலிருந்து ஆற்றில் ஏறி வரும். புன்னைக்காயலில் நுழைந்து இவ்வளவு தூரம் வந்த மீனை அணைக்கட்டு மறித்துவிடும். மேலே போகவும் முடியாமல், கடலுக்குத் திரும்பவும் மனமில்லாமல் அது கசத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். போன வருஷம் இடுப்புயர மீன் ஒன்று துரை தூண்டிலில் கட்டும் இறகுப் பொய்ப்பூச்சியைக் கவ்வி, கயிற்றை அறுத்துக்கொண்டு போனது. பழைய கம்பும் அன்றைக்கே முறிந்தது.

"முடிச்சுத் தந்தா பட்டாளத்து ஆபீசுக்கு நீங்க ஒரு காயிதம் எழுதணும்" என்றாள் ஹெப்சிபா. கை கூப்பியிருந்தது, குரல் மட்டும் கெஞ்சவில்லை. "சாலமோன் எங்கன இருக்காகன்னு கேட்டு ஒரே ஒரு காயிதம்."

துரை கம்பைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "முடித்துக் கொண்டு வா. பிறகு பார்க்கலாம்" என்றார். முறிந்த பழைய கம்பையும், மிச்சமிருந்த பட்டுக்கயிற்றில் ஒரு பாகத்தையும் பட்லரிடம் சொல்லி அவளுக்குக் கொடுக்க வைத்தார்.

அணைக்கட்டில் மதகு திறந்து மூடும் லஸ்கர் சங்கிலிபூதத்தான் துரை மீன் பிடிக்கும்போது கூட நிற்பவர். சாலமோனுக்குச் சிநேகிதர். மறுநாள் காலையில் ஹெப்சிபா அவரைத் தேடிப் போய்ப் பழைய கம்பைக் காட்டினாள்.

"போன வருசம் கயிறு ஏன் அறுந்தது, அண்ணாச்சி?"

"எல்லாரும் கயிறு மட்டம்னாக. தொரையும் அப்படித்தான் நெனச்சாரு" என்றார் அவர். "கொடுவா சும்மா இழுக்காது தாயி. கம்புச் சக்கரத்துல சுத்தியிருக்குத கயிறு அம்புட்டையும் ஒரே ஓட்டத்துல உருவிட்டுப் போவும். அவ்வளவும் இந்தப் பொட்டு ஓட்டைக வழியாத்தான ஓடணும்? கயிறு நனஞ்சிருக்கும், ஆத்து மணல் ஒட்டியிருக்கும். அரம் வச்சு ராவுத மாதிரி."

ஹெப்சிபா லேஸ் குத்தும் குண்டூசி ஒன்றை எடுத்துப் பழைய கம்பின் நுனி வளையத்துக்குள் விட்டு மெல்லச் சுற்றினாள். ஓரிடத்தில் ஊசி சிக்கி நின்றது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பித்தளையில் மயிர் கனத்துக்கு ஒரு பள்ளம். கயிறே அறுத்த பள்ளம். அதன் விளிம்பு பிறகு கயிற்றை அறுத்திருக்கிறது. பழைய கம்பில் இருந்த ஏழு வளையத்தில் ஐந்தில் அப்படி இருந்தது. அவற்றைக் கழற்றி மாட்டிவிடலாம் என்று அவள் முந்தின நாள் நினைத்திருந்தாள். அந்த நினைப்பு போயிற்று.

அன்றிலிருந்து அவள் வீட்டு வாசலில் ஒரே வேலையாக உட்கார்ந்தாள். எதில் வளையம் செய்யலாம் என்று தோன்றுகிறதோ அதை ஒரு முளையில் கட்டுவாள். பட்டுக்கயிற்றைத் தண்ணீரில் நனைத்து, ஆற்றுமணலில் புரட்டி, வளையத்துக்குள் விட்டு இங்கும் அங்கும் முந்நூறு தடவை இழுப்பாள். பிறகு குண்டூசியால் வளையத்தைத் தடவிப் பார்ப்பாள். கயிற்றைக் கன்னத்தில் உரசிப் பார்ப்பாள். விரலுக்குத் தெரியாத பிசிறு கன்னத்துக்குத் தெரியும்.

புதுப் பித்தளைக் கம்பியில் அரை நாளில் பள்ளம் விழுந்தது, கயிறும் கறுத்துப்போனது. வெள்ளிக்காக அவள் காதில் கிடந்த சிறு வளையத்தைக் கழற்றினாள். அது பித்தளையைவிட மிருது. கண்ணாடி மணி வழவழப்பில் குறைவில்லை. கம்பை ஒருதரம் படிக்கல்லில் தட்டியதும் தெறித்துவிட்டது. சங்கிலிபூதத்தான் கொற்கையிலிருந்து சங்கு அறுத்த வளையத் துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். சங்கு இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் அதிலும் கோடு விழுந்தது.

ஒரு வாரம் ஓடிவிட்டது. விரல்களெல்லாம் கயிறு உரசி வெடித்துவிட்டன. கிரேஸ் வந்து பார்த்துவிட்டு, "புத்தி பெரண்டு போச்சா உனக்கு? ஊரெல்லாம் பண்டிகைக்குப் பலகாரம் சுடுதாக, நீ கயித்த இழுத்துக்கிட்டுக் கெடக்க" என்று அழுதாள். வருஷப் பிறப்பு முடிந்த முதல் ஞாயிறு நினைவு ஆராதனைக்குப் போதகர் சம்மதித்துவிட்டார் என்றும் சொன்னாள். ஹெப்சிபா தலை நிமிரவில்லை. "வைங்க மதினி. நான் வரமாட்டேன்" என்றாள். பொண்டாட்டி வராத ஆராதனையை எப்படி வைப்பது? கிரேஸ் அதைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

சீமை வளையத்துக்குள்ளே கல் வைத்திருக்கும் என்று துரை சொன்னதாகச் சங்கிலிபூதத்தானுக்கு நினைவு வந்தது. என்ன கல் என்று பட்லரிடம் விசாரித்தார். அவன் துரையிடம் கேட்டுவந்து, துலுக்கமார் மோதிரத்தில் போடுகிற அகீக் கல் என்றான். கல் பட்டை தீட்டுகிறவர்கள் இருக்கும் ஊர் காயல்பட்டினம். இருவரும் உப்பு வண்டியில் ஏறி அங்கே போனார்கள்.

பட்டை தீட்டுகிற நூகு ஒடிசலான மனிதன். காய்ச்சலில் கிடந்து எழுந்தவன்போல் கண் குழிந்திருந்தது. எதற்கு வளையம் என்று கேட்டான். ஹெப்சிபா ஒளிக்காமல் முழுவதும் சொன்னாள். பஸ்ரா என்றதும் அவன் கை சக்கரத்தில் நின்றுவிட்டது.

"நானும் அங்கன இருந்தவன்தான்" என்றான். "நீராவிப் படகுல அடுப்புக்குக் கரி தள்ளுத வேல. நோவு கண்டு திருப்பி அனுப்பிட்டாங்க. மேல குத்துக்குப் போன படகுல நான் இல்ல. அது என் நசீபு, என் விதி."

"பிடிபட்டவுகள என்ன செஞ்சாகன்னு தெரியுமா?"

நூகு கல் பெட்டியைத் திறந்தான். பெரிய அகீக் மணி ஒன்றை எடுத்து, ஏற்கனவே இருந்த துளையைக் குருந்தக்கல் பொடியும் எண்ணெயும் விட்டுச் செம்புக் கம்பியால் அகலப்படுத்தத் தொடங்கினான். சக்கரம் ஓடும் சத்தத்துக்கு நடுவே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னான்.

"நடக்க வச்சாங்களாம். பாலைவனத்துல. மாசக்கணக்கா. ஆத்து வழியாத் தப்பி வந்த ஒரு அரபி சொன்னான்."

"நடந்து போயிட்டா அந்தப் பக்கம் ஊரு இருக்குமா? தச்சு வேல தெரிஞ்ச ஆள வச்சுக்கிடுவாகளா?"

"வச்சுக்கிடலாம். அல்லா அறிவான்." அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் இரண்டு வளையம் முடிந்தது. தேன் நிறத்தில், நகம் வழுக்கும் பளபளப்போடு இருந்தன. கூலி பேசவில்லை. அவள் கொண்டுபோயிருந்த லேஸ் பட்டியை மட்டும் தன் உம்மாவுக்கென்று வாங்கிக்கொண்டான்.

திரும்பி வரும்போது வண்டியில் மாசக்கணக்கா என்ற சொல்லே அவள் காதில் ஓடிக்கொண்டிருந்தது. சாலமோனுக்கு இடது காலில் பழைய உளிக்காயம் உண்டு. பாளையங்கோட்டைக்கு நடந்து போனாலே நொண்டுவான்.

இரண்டு கல் வளையத்தில் ஒன்று நுனிக்கு. கயிறு மடங்கி விழுவது அங்கேதான். இன்னொன்று கைப்பிடிக்கு மேலே முதலாவதாக. சக்கரத்திலிருந்து வரும் கயிறு கோணலாக நுழைவது அங்கே. இடையில் உள்ளவற்றுக்குக் கல் ஆகாது. கல் கனம். கம்பின் மேல்பாதியில் கனம் ஏறினால் அது உயிரில்லாத கழி ஆகிவிடும். லேசாக இருக்க வேண்டும், பள்ளம் விழக்கூடாது. அது எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. தை பிறக்கப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

அவளுக்கு லேஸ் வேலை தரும் மிஷன் அம்மாவுக்கு முடித்துத் தர வேண்டிய பீடத் துணி ஒன்று கிடப்பிலேயே கிடந்தது. ஆள்மேல் ஆள் விட்டதால் ஒரு மத்தியானம் அதை எடுத்து வைத்துக்கொண்டு பின்ன உட்கார்ந்தாள். நாலு எஃகு ஊசி. நாசரேத் விடுதியை விட்டு வரும்போது கொடுத்தவை. பதின்மூன்று வருஷமாக ஒவ்வொரு நாளும் அவற்றின்மேல் நூல் ஓடியிருக்கிறது. பின்னிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். ஒரு ஊசியை உருவி, குண்டூசி முனையால் அதன் உடம்பு நெடுகத் தடவினாள். எங்கேயும் சிக்கவில்லை. நனைந்த கயிற்றை மணலோடு முந்நூறு தடவை இழுத்தாள். பிறகு இன்னொரு முந்நூறு. ஊசி அப்படியே இருந்தது. கயிறு கன்னத்தில் உறுத்தவில்லை.

அந்த ஊசிகள் போனால் அவளுக்குப் பிழைப்பு இல்லை. யுத்தகாலத்தில் வேறு ஊசி வராது. அதை அவள் யோசித்தாள். அதிக நேரம் யோசிக்கவில்லை.

சாலமோன் உளிக்குப் பதம் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறாள். கரியடுப்பில் ஊசியைச் சிவக்கக் காய்ச்சி, குறட்டால் வளைத்தாள். முழு வட்டமாக இல்லை. பாம்பு நெளிந்து கிடப்பதுபோல் ஒரு சுற்று. இரண்டு பக்கமும் கம்போடு படிய ஒரு கால். பழைய கம்பின் நடுவில் அப்படி ஒன்று இருந்ததைப் பார்த்து வைத்திருந்தாள். வட்டத்தைவிட அதில் கயிறு தொடும் இடம் குறைவு. நனைந்து பருத்த கயிறும் தாராளமாக ஓடும். வளைத்ததை மறுபடி சிவக்கவைத்து எண்ணெயில் முக்கினாள். பிறகு இளஞ்சூட்டில் மயில்கழுத்து நீலம் ஓடியதும் எடுத்தாள். ஒரு ஊசிக்கு இரண்டு வளையம். நாலு ஊசிக்கு எட்டு.

எட்டாவது வளையத்தில் பொறுமை போயிற்று. நீலம் வரும்வரை காத்திருக்காமல் காலைத் தட்டி நிமிர்த்தினாள். 'டிக்' என்று ஒடிந்தது. ஒடிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஒரு வருஷமாக அவள் அப்படி அழுததில்லை. அடுத்த வீட்டுப் பேச்சித்தாய் என்னவோ ஏதோ என்று ஓடி வந்து, தந்தி வந்துவிட்டதா என்று கேட்டாள்.

மறுநாள் சங்கிலிபூதத்தான் வந்து கம்பைப் பிடித்துக்கொண்டார். ஏழு எஃகு வளையத்தையும் நூலால் தற்காலிகமாகக் கட்டி, கயிற்றைக் கோத்து, முனையில் ஒரு எடைக்கல்லைத் தொங்கவிட்டார்கள். கம்பு வில்லாக வளைந்தது. ஹெப்சிபா பக்கத்தில் குனிந்து, கயிறு எங்கே கம்பைவிட்டு விலகிப் பாய்கிறது, எங்கே மூங்கிலைத் தொட்டு உரசுகிறது என்று பார்த்தாள். உரசும் இடத்துக்கு ஒரு வளையத்தை நகர்த்துவாள். உடனே இன்னொரு இடத்தில் உரசும். லேஸ் பின்னும்போது ஒரு குண்டூசியை மாற்றினால் கோலம் முழுவதும் மாறுமே, அதே வேலைதான். கைப்பிடிப் பக்கம் அகல அகலமாகவும், நுனிக்குப் போகப்போக நெருக்கமாகவும் வைத்து, பதினேழாவது தடவை கயிறு கம்பின் வளைவோடு வளைவாக, எங்கும் தொடாமல் ஓடியது.

"எட்டு இருந்தா இன்னும் நல்லாருக்கும், அண்ணாச்சி."

"வேண்டாம் தாயி. நுனி லேசா இருக்கு. கையில பிடிச்சுப் பாரு, மீன் மூச்சுவிட்டாக்கூடத் தெரியும்."

அடுத்த நாலு நாளும் கட்டு. வளையத்தின் கால்களை அரத்தால் தேய்த்துத் தேய்த்து நுனியைத் தாள்போல் ஆக்கினாள். இல்லாவிட்டால் நூல் ஏறும் இடத்தில் இடைவெளி விழும். எஃகு மூங்கிலைக் கடிக்கும். சிவப்புப் பட்டு நூலால் சுற்றுக்குமேல் சுற்றாக, நூலின் முனை எங்கே ஒளிந்தது என்று கண்ணுக்குத் தெரியாதபடி கட்டினாள். மூன்று பூச்சு வார்னிஷ். தை பிறந்த மூன்றாம் நாள் கம்பு முடிந்தது.

அதற்கு அடுத்த நாள் காலையில் துரை கசத்தில் இறங்கினார். ஹெப்சிபா கரையில் மருதமரத்தடியில் நின்றாள். சங்கிலிபூதத்தான் துரைக்குப் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. கயிறு வளையங்களில் சத்தமே இல்லாமல் ஓடி, தண்ணீரில் பைய விழுந்துகொண்டிருந்தது. பிறகு கசம் கொதித்தது. வெள்ளியாக ஒரு உடம்பு ஆள் உயரத்துக்கு எழும்பித் தலையை உதறி விழுந்தது.

சக்கரம் அலறிய அலறல் கரை வரைக்கும் கேட்டது. கயிறு ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. கம்பு பாதிவரை வளைந்தது. ஹெப்சிபா கண்ணை மூடிக்கொண்டாள். அறுந்தால் அந்தச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. இரண்டு தடவை மீன் கடல் பக்கம் ஓடியது. இரண்டு தடவையும் துரை திருப்பினார். முக்கால் மணி நேரம் கழித்துச் சங்கிலிபூதத்தான் அதன் செவுளில் கைகொடுத்துக் கரைக்கு இழுத்து வந்தார். துரை முழங்காலிட்டுக் கயிற்றை அடி முதல் நுனிவரை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு பிசிறு இல்லை. சிறு பிள்ளைபோல் சிரித்துக்கொண்டு நிமிர்ந்தவர், மரத்தடியில் நின்ற ஹெப்சிபாவைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"நாளை காலை பங்களாவுக்கு வா" என்றார்.

மறுநாள் பட்லர் அவளைத் தடுக்கவில்லை. துரை மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். புதுத் தாள் இல்லை. மடிப்பில் நைந்திருந்தது.

"இது செப்டம்பரில் எனக்கு வந்தது" என்றார். "சிபாரிசு செய்தவன் நான் என்பதால் எனக்கு அனுப்பினார்கள். உனக்கு அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும். நான் செய்யவில்லை."

ஹெப்சிபாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"என்ன போட்டிருக்கு?"

துரை தாளைப் பார்த்துத் தமிழில் சொன்னார். தச்சன் சாலமோன் குத் நகரில் கைதியானான். கால்நடையாகக் கொண்டுபோனவர்களில் அவனும் ஒருவன். ஜூலை மாதம் நிசிபின் என்ற ஊரில் நோயாளிகளோடு உயிருடன் விடப்பட்டான். அதற்குப் பிறகு தகவல் இல்லை.

"செத்தான் என்று இல்லை. உயிரோடு இருக்கிறான் என்றும் இல்லை" என்றார். "உன்னிடம் எதைச் சொல்வேன்? நான் எழுதிக் கொடுத்த சீட்டில் போனவன்."

"நாலு மாசம்" என்றாள் ஹெப்சிபா. "கம்பு முடியட்டும்னு இருந்தீகளா, தொரை?"

அவர் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். வராந்தாவின் மூலையில் கம்பு உறையில் சாத்தியிருந்தது. அதை எடுத்து முழங்காலில் வைத்து ஒடிக்க அவளுக்கு ஒரு கணம்கூட ஆகாது. அவள் அதன் பக்கம் போகவில்லை. அது சாலமோன் செய்தது.

"இன்னொரு தரம் வாசிங்க" என்றாள். அவர் வாசித்தார். ஊர் பெயரை மூன்று தடவை சொல்லச் சொன்னாள். மூன்று தடவை தானும் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "இப்பமே எழுதுங்க. நான் இங்கனயே நிக்கேன்" என்றாள்.

"தபாலில் நானே அனுப்பி..."

"வேண்டாம். எழுதி என் கையில தாங்க."

துரை உட்கார்ந்து எழுதினார். அவள் மேஜைக்கு எதிரே நின்றபடி, மை காய்ந்து உறை ஒட்டும்வரை அசையவில்லை. உறையை வாங்கிக்கொண்டு தபாலாபீசுக்குத் தானே நடந்து போய்ப் போட்டாள். துரை மாற்றலாகிப் போனபோது கம்பு அவரோடு போயிற்று. அதற்குப் பிறகு அந்தக் கம்பைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

ஊசி இல்லாத ஹெப்சிபா அந்த வருஷம் வாழைத்தோட்டத்தில் களை எடுத்தாள். வரப்பில் நடக்கும்போது சில சமயம் வாய்க்குள்ளேயே நிசிபின், நிசிபின் என்று சொல்லிக்கொண்டு போவாளாம். கூட வேலை செய்த பெண்கள் அது ஏதோ ஜெபம் என்று நினைத்தார்கள். நோயாளி என்றால் ஆஸ்பத்திரி இருக்கும், ஆஸ்பத்திரி என்றால் கட்டில் இருக்கும், கட்டில் உடைந்தால் தச்சன் வேண்டும். இப்படியே கணக்குப் போட்டுக்கொண்டு பத்து மாதம் ஓட்டினாள்.

கார்த்திகையில் பதில் வந்தது. இந்தத் தடவை நேராக அவள் பெயருக்கு. உபதேசியார் வாசித்தார். சாலமோன் 1916 ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி நிசிபினில் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். உடன் இருந்த கைதிகள் அடக்கம் செய்தார்கள்.

அவள் அந்தக் கம்பில் முதல் வளையத்தைக் கட்டத் தொடங்கும் முன்பே அவன் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. துரைக்கு முதல் தாள் வரும்போதே அவன் மண்ணுக்குள் இருந்தான். உபதேசியார் வாசித்து முடித்தும் ஹெப்சிபா அழவில்லை. தேதியை மறுபடி கேட்டாள். பிறகு எழுந்து கிரேஸ் வீட்டுக்கு நடந்தாள். கிட்டத்தட்ட ஒரு வருஷமாகப் பேச்சில்லாமல் இருந்தவர்கள். கிரேஸ் கதவைத் திறந்ததும், "மதினி, ஆராதனைக்குச் சொல்லிருங்க" என்றாள். இருவரும் நடையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு கோயிலில் பாய் நிறையக் கூட்டம். சங்கிலிபூதத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வெளியே நின்றார். போதகர் இறந்தவனின் பெயர், தகப்பன் பெயர், தொழில் எல்லாம் வாசித்துவிட்டு, இறந்த இடத்துக்கு வந்ததும் தடுமாறினார். நிசி என்றார், நசீபு என்றார், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தாளைக் கிட்டத்தில் பிடித்தார்.

பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து ஹெப்சிபா எழுந்து நின்றாள்.

"நிசிபின்" என்றாள், கடைசிப் பாய்வரை கேட்கும்படி. போதகர் தலையசைத்து, அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லி வாசித்து முடித்தார்.